நாலு ஸ்வரம் கீழே, அப்புறம் இன்னும் ஒன்று

பாட்டை நோட்டாக எழுதுகிற நொட்டேஷன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தீர்களே, அதில் ஒருத்தி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “ஆன்ட்டி, ட்ரான்ஸ்போஸ் பண்றதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு க்ளிக். முடிஞ்சுபோச்சு.” எனக்குச் சுள்ளென்று ஏறியது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உங்கள் தட்டில் இன்னொரு முறுக்கை வைத்தேன். பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் நடுவில் அழுதிருப்பேன், நீங்கள் எல்லாரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நெளிந்திருப்பீர்கள். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை. அழுகை வந்தால் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மேலே எழுதலாம்.

அந்தப் பெண் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பாட்டை ஒரு சுருதியிலிருந்து இன்னொரு சுருதிக்கு ஏற்றவோ இறக்கவோ அவ்வளவுதான் வேலை. எவ்வளவு இறக்குவது, யாருக்காக இறக்குவது, இறக்கினால் யார் வெளியே போகிறார்கள் என்பதெல்லாம் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ரெண்டாயிரம் பிறந்த புதிது. ஷார்ஜா ரோலாவில், எக்ஸ்சேஞ்ச் கடைகளுக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. என் வீட்டுக்காரருக்கு ஜெபல் அலியில் வேலை. காலையில் கிளம்பினால், டிராஃபிக்கில் நொந்து நூலாகித்தான் வீடு வந்து சேருவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியும். மெட்ராஸில் பியானோ பரீட்சையெல்லாம் எழுதியவள், ரெக்கார்டிங்குகளுக்குக் கையால் நோட்டு எழுதிக் கொடுத்தவள். அந்தத் தகுதியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் நோட்டு அடிப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஸ்டூடியோவில் தமிழ் பேச எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ரெக்கார்டிஸ்ட் செல்வம், பரமக்குடிப் பையன், தங்கமானவன், ஆனால் எதற்கெடுத்தாலும் பயப்படுவான். இன்னொருவர் பீட்டர், பெரம்பூர்க்காரர், வயலின். ஹோட்டல் பேண்டில் வாசித்துக்கொண்டு, கூப்பிட்டால் எங்களுக்கும் வருவார். அவரோடு இரண்டு பிலிப்பினோக்காரர்களும் ஒரு எகிப்துக்காரரும் சேர்ந்தால் அதுதான் எங்கள் ஸ்ட்ரிங்ஸ், வில் வாத்தியக் கோஷ்டி.

ஒரு ஜூலை மாதம் துருக்கிக்கார அம்மா ஒருவர் வந்தார். பெயர் நெர்மின். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கழுத்தைச் சுற்றி கனமான ஸ்கார்ஃப் போட்டிருந்தார். கீழே அவர் கணவர் ஜெமால் சார் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். ரோலாவில் பார்க்கிங் தேடுவதென்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி வந்து வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்த பிறகுதான் இடம் கிடைக்கும். அந்த நேரத்தை நம்பித்தான் நெர்மின் அம்மா முதலில் மேலே ஏறி வந்திருக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டது இரண்டு பேருக்கும் அரைகுறையான இங்கிலீஷில். நான் அதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

கைப்பையிலிருந்து பழைய நோட்டுத் தாள்களை எடுத்து என் மேஜையில் வைத்தார். கையால் எழுதின பாட்டு. கல்யாணமான புதிதில் ஜெமால் சார் அவருக்காகப் போட்டது. துருக்கி சாஸ்திரிய சங்கீதம். வீட்டில் எத்தனையோ தடவை பாடியிருக்கிறார், ஒரு தடவைகூட ரெக்கார்ட் பண்ணியதில்லை. இப்போது தொண்டையில் கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் இந்தப் பாட்டை ஒரு தடவை பாடி வைத்துவிட வேண்டும், பக்கத்தில் கணவர் குழல் ஊத வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

“ஒரு உதவி பண்ணணும்,” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “பாட்டை நாலு ஸ்வரம் கீழ இறக்கணும். அவருக்குத் தெரியாம.”

“எப்படிம்மா தெரியாம போகும்? ஊதப்போறதே அவர்தானே?”

“இறக்கறது தெரியட்டும். ஏன் இறக்கறோம்னு தெரிய வேண்டாம். என் குரல் உள்ள பத்திரமா இருக்கு, டாக்டர் ரெஸ்ட் குடுக்கச் சொன்னதாலதான் வீட்ல பாடறதில்லன்னு நெனச்சிட்டிருக்கார். அது எப்பவோ போயாச்சு. பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டுப் பாடிப் பார்த்தேன். கீழதான் கொஞ்சம் மிச்சம் இருக்கு.”

“சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா அழுவார். அழுதா மூச்சு உடையும். மூச்சு உடைஞ்சா குழல் பேசாது. எனக்கு அவர் ஊதணும்.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. “சரி, கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டுடுவோம்,” என்றேன். நெர்மின் அம்மா சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும், இல்லாவிட்டால் மேலே போவது புரியாது. துருக்கிக்காரர்கள் ஒரு முழு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்பது பொடிப் படிகள் வைத்திருக்கிறார்கள். கோமா என்று பெயர். பியானோவில் அந்த இடங்கள் கிடையாது. நம் பாட்டு வாத்தியார் “கொஞ்சம் ஏத்திப் பிடி” என்று கண்ணாலேயே காட்டுவாரே, அந்த மாதிரி இடங்களை அவர்கள் தாளில் தனித்தனிக் குறி போட்டு எழுதிவிடுகிறார்கள். அதில் ஒரு குறி, கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும் ஃப்ளாட். ஒரே ஒரு கோமா மட்டும் குறைக்கும். எங்களிடம் இருந்த சாஃப்ட்வேருக்கு அது வெறும் படம். பாட்டை நாலு ஸ்வரம் இறக்கினால் நோட்டு சமர்த்தாக இறங்கிவிடும், படம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு கூடவே போகும். புது இடத்தில் அந்தக் குறி பொய். அங்கே ஸ்வரத்தை ஏற்றுகிற ஷார்ப் குறி ஒன்று வரவேண்டும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கையால்தான் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் பார்ப்பதற்குப் பாட்டு இருக்கும், கேட்டால் உயிர் இருக்காது.

ஆகவே என் பொய்யில் பாதி நிஜம் இருந்தது. ஜெமால் சார் வியர்த்து ஒழுக உள்ளே வந்ததும், சும்மா நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “சார், இந்த சாஃப்ட்வேர்ல உங்க கோமா குறியெல்லாம் இந்த இடத்துல உக்கார மாட்டேங்குது. நாலு ஸ்வரம் கீழ போனா சரியா உக்காருது.”

மனுஷன் கொதித்துப் போய்விட்டார். ஆள் நல்ல உயரம், பெரிய பெரிய கைகள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் எஞ்சினியர். “ஒரு பெட்டி சொல்லுதுன்னு என் பாட்டு இடம் மாறணுமா? என்ன அநியாயம் இது? இந்தப் பாட்டுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அவ அங்கதான் பாடினா. நாளைக்கும் அங்கதான் பாடுவா.”

நெர்மின் அம்மா அவர் சட்டைக் கையைத் தொட்டார். ஜெமால் சார் என் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்துவிட்டு, “என்கிட்ட நீளமான நேய் ஒண்ணு இருக்கு. அது சரியா வரும்,” என்றார்.

அவர்கள் ஊர் நாணல் குழலுக்கு நேய் என்று பெயர். சுருதிக்கு ஒரு நீளம். நேய்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, அதை நான் மண்டையில் ஏற்றிக்கொள்ளாமல் விட்டேன். பாட்டு எந்தச் சுருதியில் போனாலும் அவர்களுக்கு நோட்டு மாறாது. தாளில் எழுதின இடம் எழுதின இடம்தான். பாடுகிறவருக்குக் கீழே வேண்டுமா, நீளமான குழலை எடுத்துக்கொண்டு அதே தாளைப் பார்த்து அதே விரலில் வாசிப்பார்கள். வயலின்காரர்களுக்கு அப்படி ஆகாது. அவர்களுக்கு இறக்கின தாள்தான் வேண்டும்.

நான் என்ன செய்தேன், ஸ்ட்ரிங்ஸ் ஒத்திகை அன்று எல்லாருக்கும் போல் ஜெமால் சாருக்கும் இறக்கின தாளையே கொடுத்துவிட்டேன். அவர் தலைகீழாக நின்றாலும் நோட்டைத் தாண்டி வாசிக்காத ஒழுங்கான மனுஷர். நீளக் குழலை எடுத்தார், இறக்கின தாளைப் பார்த்தார், ஊதினார். நாலு ஸ்வரம் கீழே போனது, அதற்கும் கீழே இன்னொரு நாலு ஸ்வரம் போனது. பீட்டர் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அக்கோவ்! பெரியவர் பாதாளத்துக்குப் போறாரு, புடிங்க!” என்று கத்தினார். தமிழ் புரியாவிட்டாலும் ஜெமால் சாரும் சிரித்துவிட்டார். பழைய தாளை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எல்லாரும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனோம். நெர்மின் அம்மா ஒத்திகைக்கு வரவில்லை. ரெஸ்ட்.

பதிவு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நெர்மின் அம்மா நீல நிறத்தில் நீளமாக ஒரு உடுப்பு போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார். ஸ்கார்ஃபைக் கழற்றியே ஆகவேண்டும் என்று கழற்றினார். கட்டி புடைத்த கழுத்தைப் பார்த்ததும் செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவனைக் கிள்ளினேன்.

முதல் இரண்டு பகுதியும் நன்றாகப் போயிற்று. குரல் தடிப்பாக, மண்ணில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜெமால் சார் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். மூன்றாம் பகுதியில் பாட்டு மேலே ஏறும். அவர்கள் சங்கீதத்தில் கேட்கிறவர்கள் அந்த இடத்துக்குத்தான் காத்திருப்பார்கள். நெர்மின் அம்மா ஏறினார். குரல் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜெமால் சார், “தண்ணி குடி, ஏசி ஜாஸ்தியா இருக்கு,” என்றார். ஏசியைக் குறைத்தோம். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் கிழிந்தது. இந்தத் தடவை இருமல் வேறு. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, பார்க்காமல் மடித்துக்கொண்டார்.

கன்ட்ரோல் ரூமில் செல்வம் கையைப் பிசைந்தான். “அக்கா, அவங்களால முடியல. மூணாவது பகுதியை விட்டுட்டு முடிச்சுக்கச் சொல்லுவமா?”

“மூணாவது பகுதி இல்லன்னா அது பாட்டாடா? மொகத்தை மட்டும் விட்டுட்டு போட்டோ எடுப்பியா நீ?”

கதவைத் திறந்து மேனேஜர் தலையை நீட்டினார். வராந்தாவில் விளம்பரப் பாட்டுக்காரர்கள் வந்து காத்திருக்கிறார்கள். “யல்லா, யல்லா,” என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். “மாஃபி யல்லா!” என்று, அவசரமெல்லாம் கிடையாது என்கிற மாதிரி, நானும் கத்தினேன். அது என்ன அரபி என்று எனக்கே தெரியாது. ஆனால் தலை உள்ளே போய்விட்டது.

பீட்டர் வயலினோடு என் பக்கம் வந்தார். “நமக்கென்ன அக்கா, இன்னும் ஒரு ஸ்வரம் இறக்கிக் குடுத்தா நாங்க பாட்டுக்கு வாசிச்சிட்டுப் போறோம். அந்தம்மாவும் தாண்டிடுவாங்க. ஆனா அந்த மனுஷன்கிட்ட அந்த நீளத்துக்குக் குழல் இருக்கா?”

இல்லை. அவரிடம் இருந்தது இரண்டு. பழைய சுருதிக்கு ஒன்று, இப்போது கையில் இருப்பது ஒன்று. துபாய் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. தாளை மாற்றி விரலை மாற்றி வாசிக்கிற அளவுக்கு அவர் தொழில்முறைக் கலைஞரும் இல்லை, மனைவிக்காக வாசிக்கிற எஞ்சினியர். ஒரு ஸ்வரம் இறக்கினால் நெர்மின் அம்மா பாடுவார், ஜெமால் சார் தன் பாட்டிலேயே சும்மா உட்காருவார். இறக்காவிட்டால் இரண்டு பேரும் இருப்பார்கள், பாட்டு இருக்காது.

யாரைக் கேட்பது? அம்மாவைக் கேட்டால் வேண்டாம் என்பார். ஐயாவைக் கேட்டால் ஏன் என்பார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த வாரம் குரல் எங்கே இருக்குமோ? பிள்ளைகளா, நமக்கு மேலே யாராவது இருந்து முடிவு சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்கிற புத்தி எனக்கும் உண்டு. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அப்படி யாரும் இல்லை.

என் ரூமுக்குப் போய் உட்கார்ந்து பாட்டை இன்னும் ஒரு ஸ்வரம் இறக்கினேன். எல்லாக் குறியையும் திருத்த நேரம் கிடையாது. மூன்றாம் பகுதியையும், பாட்டு வந்து நிற்கிற கடைசி ஸ்வரத்தையும் மட்டும் ஒன்றுவிடாமல் திருத்தினேன். பிரின்டர் வழக்கம்போல் மக்கர் பண்ணியது, ஒரு தட்டுத் தட்டினேன். தாள்களை எடுத்துக்கொண்டு வந்து பீட்டரிடம், “மூணாவது பகுதி தாள்ல இருக்கிற மாதிரி. மத்த எடத்துல தாளை நம்பாத, அந்தம்மா வாயைப் பார்த்து வாசி,” என்றேன்.

ஜெமால் சார் எழுந்து வந்தார். பீட்டருடைய ஸ்டாண்டிலிருந்து புதுத் தாளை எடுத்தார். மூன்றாம் பகுதியைப் பார்த்தார். குறிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாலு ஸ்வரம் கீழதான் உக்காரும்னு சொன்னீங்களே,” என்றார். “இங்கயும் உக்காந்திருக்கே.”

நான் கையிலிருந்த மற்ற தாள்களை ஒழுங்காக அடுக்கினேன்.

“அப்ப மேலயும் உக்காந்திருக்கும்.”

“ஆமா சார்,” என்றேன்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். துருக்கியில் ஏதோ கேட்டார், சின்னக் கேள்விதான். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டே ஒரு வார்த்தை சொன்னார். என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. ஜெமால் சார் அந்தப் பெரிய கையால் முகத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டார்.

“இந்த இடத்துக்கு உங்க குழல் வராது சார்,” என்றேன்.

“தெரியும்.”

நெர்மின் அம்மா சட்டென்று எழுந்து நின்றார். “அவர் இல்லாம நான் பாட மாட்டேன். போதும். கிளம்பலாம்,” என்றார். கைப்பையைத் தேடினார். கண்ணில் நீர் நிற்கிறது, கைப்பை காலடியிலேயே இருக்கிறது, தெரியவில்லை.

ஜெமால் சார் நேயைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து, மைக்குக்குப் பின்னால் மனைவிக்கு நேர் எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் பாடகர்கள் தாளத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்காலில் தட்டித்தான் போடுவார்கள், வலது கை ஒரு அடி, இடது கை ஒரு அடி. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே தாளம் போட ஆரம்பித்தார். அம்மா நின்றுகொண்டே இருந்தார். அவர் நிறுத்தவில்லை. தாளம் ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்று போனது. நெர்மின் அம்மா உட்கார்ந்தார்.

பீட்டர் வயலின் மேல் வில்லை வைத்தார்.

அந்தப் பாட்டைப் பற்றி நான் என்ன எழுதுவது? கீழே, தரையோடு தரையாகப் போனது குரல். மூன்றாம் பகுதியில் ஏறும்போது கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பழைய தாளில் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நின்ற குறி போட்டிருந்த ஸ்வரத்தை, நான் அவசரமாகக் குறி திருத்தி எழுதியிருந்ததை, அந்த அம்மா தொட்டார். வலித்தது என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனால் கிழியவில்லை. செல்வம் மூக்கை உறிஞ்சினான். நான் அவனை அதட்டவில்லை, என் மூக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒன்றை மறந்துபோனேன். இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே நேய் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. அதை பீட்டருக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன். அந்த இடம் வந்தது, எல்லாரும் வில்லைத் தூக்கிவிட்டார்கள். வாசிக்க யாரும் இல்லை. ஜெமால் சாருடைய உள்ளங்கைச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா பயப்படவில்லை. கணவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான அடியில் பாட்டை எடுத்தார்.

பாட்டு முடிந்தது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு செல்வம் தயங்கித் தயங்கி, “அக்கா, அவர் கால்ல தட்டுற சத்தம் மைக்ல விழுந்திருக்கு. அந்தக் காலி எடத்துல ரொம்பக் கேக்குது. எடுத்துடவா?” என்றான்.

“தொட்டேன்னா கையை ஒடிச்சுடுவேன்,” என்றேன்.

ஆபரேஷன் நடந்தது. நெர்மின் அம்மா அதற்கப்புறம் பேசவில்லை. ஒருநாள் ரோலா மார்க்கெட்டில் தக்காளிக் கடை முன்னால் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான்தான் லொடலொடவென்று எதையோ பேசிக்கொண்டிருந்தேன், விலைவாசி, வெயில், பிள்ளைகள் படிப்பு. குளிர்காலம் வருவதற்குள் கட்டி மறுபடியும் வந்துவிட்டது. ஜனவரியில் போய்விட்டார். எனக்குச் சொன்னது பீட்டர். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பொய் சொன்னேனே, அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜெமால் சாருக்கு மனைவியின் குரல் போனது இன்னும் கொஞ்சம் முன்னால் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பார்கள். இன்னும் நீளமான நேய் ஒன்றை எங்காவது சொல்லி வரவழைத்திருப்பார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடும். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்தவருக்கு நான் எப்படி முடியாது என்று சொல்லியிருப்பேன் என்றும் நினைத்துக்கொள்வேன். இதில் எது சரி என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் மேஜைக்கும் ஒருநாள் யாராவது வருவார்கள். வரும்போது சாஃப்ட்வேரைப் பார்க்காதீர்கள், வந்தவர் முகத்தைப் பாருங்கள். அது ஒன்றைத்தான் நான் உறுதியாகச் சொல்வேன்.

கோடை ஆரம்பிக்கும்போது ஜெமால் சார் ஒரு பகல் பொழுதில் தனியாக வந்தார். பாதி உடம்பு காணோம். கையில் நேய்ப் பெட்டி.

“அந்த இடம் காலியா இருக்கு,” என்றார். “நடுவுல. நான் ஊத வேண்டிய இடம். தினமும் கேக்கறேன், அந்த இடம் வந்தா தாங்க முடியல. பாட்டை மேல ஏத்திக் குடுங்க. முதல்ல இருந்த இடத்துக்கே. என் நேயால நான் அதை நிரப்பிடறேன்.”

“சார், நோட்டை ஏத்தறது வேற, குரலை ஏத்தறது வேற. நல்லா இருக்காது சார்.”

“உங்க பெட்டியால எல்லாம் முடியும்னு எனக்குத் தெரியும்,” என்றார். அதில் கோபம் இல்லை. கெஞ்சினார். அவ்வளவு பெரிய மனுஷர் கெஞ்சுவதை என்னால் பார்க்க முடியவில்லை. செல்வத்திடம் கண்ணைக் காட்டினேன்.

செல்வம் அவனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டு ஏற்றினான். ஜெமால் சார் பழைய சுருதிக் குழலை எடுத்து, உதட்டில் பொருத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார். போட்டான்.

குரல் வந்தது. மெல்லிசாக, பளிச்சென்று, பள்ளிக்கூடம் படிக்கிற பெண் பாடுவது போல் இருந்தது. ஜெமால் சார் குழலை உதட்டிலிருந்து எடுத்தார்.

“யாரு இந்தப் பொண்ணு?” என்றார்.

செல்வம் நிறுத்தப் போனான். அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். நடுவில் அந்தக் காலி இடம் வந்தது, அவர் ஊதவில்லை. மூன்றாம் பகுதி வந்தது. அந்தப் பெண் குரல் வழுக்கிக்கொண்டு மேலே போனது.

“என் மனைவிக்கு இந்த இடத்துல வலிச்சது,” என்றார். “நான் எதிர்ல உக்காந்து பார்த்தேன். இவளுக்கு வலிக்கவே இல்லையே.”

எங்கள் இரண்டு பேராலும் அவரைப் பார்க்க முடியவில்லை.

“இதை அழிச்சிடுங்க. அவளைப் பழையபடி கீழ கொண்டாங்க.”

செல்வம் அழித்தான். பழைய பதிவைப் போட்டான். தரையோடு போகிற அந்தக் குரல் வந்தது. ஜெமால் சார் குழலை மடியில் வைத்துக்கொண்டார். காலி இடம் வந்தபோது அவர் ஊதவும் இல்லை, தாளம் போடவும் இல்லை, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு மனைவி பாட ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார். நெர்மின் அம்மா சரியான அடியில் எடுத்தார்.